ஏரியலாக நின்று வாதாடியது

பேச்சாளனின் வலக்கை எந்த இடத்தில் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை எங்கள் இளைஞர் மன்றத்தில் முறையாகவே கற்றுத் தந்தார்கள். அவை வணக்கத்தின்போது இடுப்பளவு. சான்று காட்டும்போது தோளளவு. முழக்கத்தில் தலைக்கு மேலே, விரல்கள் விரிந்து, உள்ளங்கை அவையை நோக்கி. தாப்பாவைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் அந்த மூன்றாம் நிலையை என்னைப்போல் தளராமல் பிடித்து நிற்கக்கூடியவர் வேறெவரும் இல்லை. தற்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நடந்தது விளங்க வேண்டுமானால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

எழுபதுகளின் இறுதியில் எங்கள் தோட்ட மண்டபத்தில் சொற்போர் ஒன்று ஏற்பாடாயிற்று. அரசாங்கத் தொலைக்காட்சி தமிழர்க்குச் செய்வது போதுமா, போதாதா என்பது தலைப்பு. வெல்பவர் ஈப்போ புந்தோங்கில் நடக்கும் மாநில இறுதிச் சுற்றுக்குப் போவார். எனக்கு வேண்டியிருந்தது அந்தப் புந்தோங் மேடை ஒன்றுதான். அங்கே ஆற்ற வேண்டிய உரையை முன்கூட்டியே எழுதி, பால்மரங்களுக்கு முன்னால் நின்று பலமுறை பேசியும் பார்த்துவிட்டேன். மரங்கள் எதிர்வாதம் செய்யவில்லை.

‘போதாது’ என்பது என் கட்சி. ‘போதும்’ என்று பேச வந்தவர் தாப்பா பட்டணத்துத் தையற்காரர் ஒருவரின் மகள். மாதா கோயிலில் ஞாயிறுதோறும் வேதவாசகம் படித்துப் பழகிய குரல் அவருடையது. ஒலிவாங்கி இல்லாமலே கடைசி வரிசைவரை போகும். ஆயினும் ‘போதும்’ என்ற கட்சிக்கு எந்தத் தோட்டத்தில் கைதட்டு விழும்? வாரத்துக்கு ஒரே ஒரு தமிழ்ப் படம். அதுவும் எங்கள் மலையடிவாரத்துக்கு வந்து சேரும்போது கதாநாயகன் யார், வில்லன் யார் என்று மீசையை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருந்தது. வெற்றி என் சட்டைப்பையில் இருந்தது.

நடுவர் தெலுக் இந்தானிலிருந்து வர வேண்டிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் ஏறிய பஸ் வழியில் படுத்துவிட்டது. அவர் வந்திறங்கியபோது, அந்த ஒரே படம் தொடங்கும் வேளை நெருங்கிவிட்டது. தோட்டத்தின் பொதுத் தொலைக்காட்சியோ அதே மண்டபத்தில், கதவு வைத்த மரப்பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. அந்தப் பூட்டின் சாவி தண்டலின் இடுப்பில். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடுவது அவர் பொறுப்பு; மாலையில் இந்தச் சாவி.

“ஐயா, பேச்ச அடுத்த வாரங்கூட பேசிக்கலாம். இந்தப் படம் திரும்ப வராது லா,” என்றார் தண்டல்.

“அவை கூடிவிட்டது. கூடிய அவையைக் கலைப்பது மரபன்று,” என்றார் நடுவர்.

“கலைக்க வேணாங்கய்யா. படத்த போட்டா ஒருத்தனும் கலைய மாட்டான்.”

நடுவர் சற்று யோசித்துச் சமரசத் தீர்ப்பொன்று வழங்கினார். பெட்டி மேடையின் ஓரத்தில் ஓடும். ஒலி மட்டும் அடைத்திருக்கும். கண் படத்துக்கு, காது சொற்போருக்கு. அவை ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. என்னை யாரும் கேட்கவில்லை.

இடையூறு வேறிடத்தில் இருந்தது. முந்தின நாள் மழைக்காற்றில் கூரைமேலிருந்த ஏரியல் சாய்ந்து விழுந்திருந்தது. பெட்டியைத் திறந்தால் திரை முழுக்கப் பொரி கொட்டுவதுபோல் வெள்ளைப் புள்ளிகள். தண்டல் பெட்டியின் ஏரியல் கம்பியை இழுத்து, மேடையில் இருந்தவற்றுள் உயரமான இரும்பு அதுதான் என்பதால், ஒலிவாங்கித் தாங்கியில் சுற்றிக் கட்டினார்.

“அண்ணே, கரண்டு அடிக்குமா?” என்று கேட்டேன்.

“அடிச்சா பேச்சு சூடா இருக்கும். பேசுங்க.”

நான் எழுந்தேன். இடக்கையால் தாங்கியைப் பற்றினேன். அவை வணக்கம் சொன்னேன். முன்வரிசையில் ஒரு கிழவர் கொட்டாவி விட்டார். சான்றுகளை அடுக்கினேன், குழந்தைகள் அழுதன. பின்னர் முதல் முழக்கத்துக்கு வந்தேன். “மக்கள் வரியில் வாழும் தொலைக்காட்சி மக்களின் மொழியை மறக்கலாமா?” என்று வலக்கையைத் தலைக்கு மேலே உயர்த்தினேன். மண்டபம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

அப்படியொரு வரவேற்பை நான் அதுவரை கண்டதில்லை. அடக்கத்தோடு கையை இறக்கினேன். ஆர்ப்பரிப்பு அப்படியே முனகலாக மாறியது. மீண்டும் உயர்த்தினேன், மீண்டும் ஆரவாரம். மூன்றாம் முறை இறக்கியபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“மச்சான், கைய எறக்காத லா! மூஞ்சி தெரியுது!”

திரும்பிப் பார்த்தேன். திரையில் ஒரு தாய், தலைமயிர் இழை இழையாகத் தெரியும்படி அழுதுகொண்டிருந்தாள்.

தண்டல் மேடையேறி என்னை விலக்கிவிட்டுத் தாங்கியைத் தாமே பிடித்துக் கையைத் தூக்கினார். திரையில் பொரி கொட்டியது. வேறிருவர் முயன்றனர், ஒருவர் தொட்டதும் தாய் இரண்டாகப் பிளந்து தோன்றினாள். என்னை மீண்டும் நிறுத்தினார்கள். தெளிந்தாள்.

“தம்பி ஒடம்புல என்னாமோ இருக்கு,” என்றார் தண்டல், முதன்முறையாக மரியாதையோடு.

என் முதற்சுற்றைக் கை உயர்ந்த நிலையிலேயே முடித்தேன். நடுவர் மேசைமேல் வைத்திருந்த சைக்கிள் மணியை அடித்தார். இருக்கைக்குத் திரும்ப ஓர் அடி வைத்தேன். அவ்வளவுதான், மண்டபமே கூச்சலிட்டது.

“அவரு அங்கயே நிக்கட்டும்!”

“அந்தப் புள்ள பேசட்டும், இவரு புடிச்சிக்கிட்டு நிக்கட்டும்!”

சொற்போர் விதிகளில் இதற்கு இடமில்லை என்று நடுவரை நோக்கிச் சொன்னேன். அவர் விதித்தாளைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “தடையும் இல்லை,” என்றார்.

ஆகவே எதிரணிப் பேச்சாளர் ஒலிவாங்கியின்முன் வந்து நிற்க, நான் அவருக்கருகில் ஒரு கையால் தாங்கியைப் பற்றி, மறு கையை விண்ணை நோக்கி உயர்த்தி நின்றேன். பார்ப்பவர்க்கு அவர் சொல்லும் ஒவ்வொன்றையும் நான் முழங்கி ஆமோதிப்பதாகவே தோன்றியிருக்கும். அவர் அதைக் கண்டுகொண்டார். நல்ல பேச்சாளர் அவர், மறுக்க மாட்டேன்.

“நடுவர் அவர்களே! எதிரணித் தோழர் சொன்னார், அரசாங்கத் தொலைக்காட்சி நமக்கு ஒன்றும் தருவதில்லை என்று. திரையைப் பாருங்கள். தண்ணீர் மாதிரி தெளிவு! கோலாலம்பூரிலிருந்து மலை ஏறி, காடு தாண்டி, நம் மண்டபத்து வாசலுக்கு வந்து நிற்கிறது. வாங்கிக்கொள்ள ஒரு கைதான் இல்லாமலிருந்தது. அந்தக் கையையும் எதிரணியே பெருந்தன்மையோடு கொடுத்திருக்கிறது!”

கூரைத் தகரம் அதிரக் கைதட்டினார்கள். மறுத்துரைக்க வாயைத் திறந்தேன். மணி அடித்தது. அது என் முறையன்று.

தோள் மரத்துப்போயிருந்தது. அதனினும் கொடியது, என் வாதத்தை என் உடலே பொய்யாக்கிக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்து நிற்கும்வரை அரசாங்கத் தொலைக்காட்சிக்கு ஒரு குறையும் இல்லை. புந்தோங் மேடை ஒவ்வோர் அங்குலமாக என்னைவிட்டு விலகிப் போவதைக் கண்முன் கண்டேன்.

தொகுப்புரைக்கான மணி அடித்தபோது முடிவு செய்துவிட்டேன்.

“அவையோரே! எதிரணியார் காட்டிய தெளிவு யாருடைய தெளிவு? ஒளிபரப்பியவர் தந்ததா, என் தோள்பட்டை தந்ததா? ஒரு நாட்டின் பொதுச் சேவை ஒரு தனிமனிதனின் விலா எலும்பில் நிற்கலாமா? இதோ, சான்று!”

கையை இறக்கினேன்.

தாங்கியையும் விட்டேன். வாதம் முழுமையாக இருக்க வேண்டுமல்லவா? என்னால் ஒலியில்லாத அந்தக் கதையைப் பின்தொடர முடிந்திருக்கவில்லை. தொலைந்த மகனைத் தாய் அடையாளம் காணும் கட்டம் அந்த நொடியில்தான் வரவிருந்தது என்று எனக்கெப்படித் தெரியும்?

“அடப்பாவி! இப்பத்தானய்யா அவன் சட்டைய பாத்தா!” என்று ஓர் அம்மாள் எழுந்து நின்று அலறினார்.

“அலாமாக்! கைய தூக்கு லா!”

நடுவரும் எழுந்துவிட்டார். “தம்பி, வாதம் மிகச் சிறப்பு, மறுப்பதற்கில்லை,” என்று தொடங்கியவர் திரையை ஒருமுறை பார்த்தார். “மொதல்ல கைய தூக்குய்யா!”

நான் தூக்கவில்லை. மிச்சமிருந்த வாக்கியங்கள் நெடியவை, நன்கு கட்டமைக்கப்பட்டவை. அவற்றை ஒரு சொல்லும் குறையாமல் சொல்லி முடித்து, நன்றி வணக்கமும் கூறிவிட்டுத்தான் கையை உயர்த்தினேன். அதற்குள் தாயும் மகனும் தோளோடு தோள் சேர்த்து வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் அவனை எதைக் கொண்டு கண்டுபிடித்தாள் என்பது இன்றுவரை எங்கள் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. சட்டைப் பொத்தான் என்று ஒரு சாரார், மச்சம் என்று ஒரு சாரார். பல வாரங்கள் பால்வெட்டும் வெட்டுக்காட்டில் அந்தச் சொற்போர் நடந்தது, நடுவரும் மணியும் இல்லாமலே.

தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. ‘போதாது’ கட்சியின் வாதமே உண்மை என்றார் நடுவர். கண்கூடாகவும் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது என்றார். ஆனால் அவையின் மனத்தைக் குளிர்விக்கத் தெரியாதவன் பேச்சாளன் ஆகான் என்று சொல்லி, ஈப்போவுக்குப் போக வேண்டியவராகத் தையற்காரர் மகளை அறிவித்தார். அந்தப் பெண் மேடையிலிருந்து இறங்கும்போது என்னிடம், “தோளுக்குக் கொஞ்சம் தைலம் போடுங்க,” என்றார். அந்தப் பரிவுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

அடுத்த வாரம், படத்துக்குச் சற்று முன்னால், தண்டல் என் வீட்டு வாசலில் நின்றார். கூரைமேல் ஏரியலை நிமிர்த்திப் பார்த்தார்களாம், பயனில்லை.

“தம்பி, கொஞ்சம் வந்து நிக்கிறீங்களா? நாற்காலி போடுறோம்.”

“நாற்காலி வேண்டாம். நான் பேச வேண்டும்,” என்றேன்.

“பேச்சா? இன்னிக்கி சத்தமும் உண்டு தம்பி.”

வாசலிலேயே நெடுநேரம் பேரம் நடந்தது. இறுதியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். படம் ஓடும்போது நான் வாய் திறக்கக்கூடாது. விளம்பரம் வந்ததும் ஒலியை அடைத்துவிடுவார்கள். பற்பசையும் பால்மாவும் முடியும்வரை மேடை என்னுடையது. அந்த ஏற்பாடு இரண்டாண்டுகள் நீடித்தது. புந்தோங் மண்டபம்கூட வாரந்தோறும் நிறைந்திருக்குமா என்பது ஐயமே. என் மண்டபம் நிறைந்தே இருந்தது. ஈராயிரம் ஆண்டுத் தமிழின் சிறப்பைப் பற்பசைக்குள் அடக்கும் கலையை அங்கேதான் பயின்றேன்.

அந்த ஈராண்டுக்குள் ஒருமுறை மன்றத்தில், அரசாங்கத் தொலைக்காட்சியில் விளம்பரங்கள் இருக்கலாமா கூடாதா என்று தலைப்பு வைத்தார்கள். கட்சியைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதுதான் வழக்கம். நான் குலுக்க விடவில்லை. விளம்பரம் வேண்டும், இன்னும் நீளமாக வேண்டும் என்று நானே எழுந்து நின்றேன். மேடையில் மனமார நம்பி நான் பேசிய ஒரே பேச்சு அதுதான்.