நான் போட்ட ‘மிக அருமை’

கந்தளாயிலிருந்து வந்து திருகோணமலையில் பட்டப்படிப்புப் படிக்கிறேன். விரிவுரையாளர் எங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு வலைப்பூ தொடங்கித் தந்தார். அவரவர் ஆய்வில் கண்டதையும் அடுத்துச் செய்யப்போவதையும் வாரந்தோறும் அதில் எழுத வேண்டும். மற்றவர்கள் வாசித்துக் கருத்துப் போட வேண்டும். போட்டால்தான் புள்ளி.

என் ஆய்வு மீன் ஏலம் பற்றியது. பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு விரிவுரை இல்லை, அன்று காலை சல்லி என்ற மீனவ ஊரின் கரைக்குப் போய் ஏலம் பார்க்கப் போகிறேன் என்று எழுதினேன். நால்வரும் ‘மிக அருமை’ என்று போட்டார்கள்.

முதல் பஸ்ஸில் போய் இறங்கினால் வள்ளங்கள் எல்லாம் மணலில் கிடந்தன. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர் சிரித்தார். “பிள்ளை, நிலவு வெளிச்சத்தில மீன் படாது. ஆர் கடலுக்குப் போறது?”

ஆய்வறிக்கை கொடுக்க மறுநாள்தான் கடைசி நாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நால்வரில் சாந்தினி சல்லிக்காரி, மீனவர் வீட்டுப் பிள்ளை. அவளுக்குமா தெரியாது? தொலைபேசியில் கத்தினேன்.

“நான் வாசிக்கேல்லையடி. நீ மட்டும் என்ர பதிவை வாசிச்சனியோ?”

“ஓம்!” என்று சொல்லி வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நின்றபடி அவளுடைய பதிவைத் திறந்தேன். நிலவு நாட்களில் அப்பா தொழிலுக்குப் போவதில்லை, வீட்டில் கறிக்குக்கூட மீன் இராது என்று எழுதியிருந்தாள். கீழே முதல் கருத்து என்னுடையது: ‘மிக அருமை’.

இப்போதெல்லாம் முழுதாக வாசித்து, ஒரு கேள்வியாவது கேட்காமல் நான் கருத்துப் போடுவதில்லை. என் பதிவுகளுக்குக் கீழே மட்டும் இன்னும் ‘மிக அருமை’தான் வருகிறது.