அரைப்பேர் வாங்கிய கால்

ஆஸ்பத்திரி நடைபாதையில் ஒரு பெஞ்சில் என்னைக் கிடத்திவிட்டு அப்பா டாக்டரின் அறைக்குள் போனார். இலங்கைக்குச் சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் ஏழு வயதுப் பிள்ளை. பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில், காய்ச்சல் விட்ட காலையில் எழுந்து நின்றபோது இடது கால் துணிபோல மடிந்தது.

வெளியே வந்த அப்பா சிரித்தார்.

"டாக்டரு என்னாப்பா சொன்னாரு?"

"ஒங்காலுக்கு இன்னைக்கு அரைப்பேருதானாம்டா. நல்லா சாப்பிட்டுத் தூங்குனா முழுப்பேரு போட்டுருவாங்களாம்."

தோட்டத்தில் அரைநாள் கூலிக்கு அரைப்பேர் என்று பெயர். அடுத்த நாள் ஒழுங்காக வேலை செய்தால் முழுப்பேர். கூலிகளின் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நானும் சிரித்தேன்.

அதன்பின் அது லயத்தின் வேடிக்கையாகிவிட்டது. பக்கத்து வீட்டு மாமா வேலை விட்டு வரும்போதே கேட்பார்.

"என்னா தொர, முழுப்பேரு போட்டாச்சா?"

"நாளைக்கு மாமா!"

எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா மட்டும் உள்ளே போய்விடுவாள். அடுப்பைப் பார்க்கப் போகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

காலுக்கு இரும்புச் சட்டம் அளவெடுக்க மறுபடி போனபோது டாக்டரிடமே கேட்டேன். "எப்ப சார் முழுப்பேரு?"

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கு விளங்கவில்லை. அப்பா சிரித்துக்கொண்டே விளக்கினார். டாக்டர் சிரிக்கவில்லை.

"தம்பி, உமக்கு வந்தது இளம்பிள்ளை வாதம். நரம்பைத் தாக்கிக் கைகாலைச் சோரவைக்கிற நோய். இந்தக் கால் மற்றக் கால் மாதிரி வளராது. அப்பாவுக்கு நான் முதல் நாளே சொன்னனான்."

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "அம்மாவுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும்."

"மாமாவுக்கு?"

"லயத்துக்கே தெரியும்டா. நீ அழக்கூடாதுன்னுதான்..."

நான் அழவில்லை. இத்தனை நாளும் என்னைச் சுற்றிச் சிரித்தவர்கள் எல்லோருக்கும் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை. கால் போனதைவிட அதுதான் அதிகம் வலித்தது.

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் கிடைத்ததை வாசிப்பேன். சிறுவயது நோயை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நம்மைச் சிரிக்க வைக்கிறார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் படுக்கையில் கிடக்கும் அந்தப் பிள்ளைக்கும் விஷயம் தெரியுமா என்று தேடிப் பார்ப்பேன். தெரிந்தே சிரிக்கிறது என்றால் நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்புவேன். இல்லையென்றால் புத்தகத்தை மூடிவிடுவேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை படுத்திருக்கலாம். சிரிக்க வையுங்கள். உண்மையைச் சொல்லிவிட்டுச் சிரிக்க வையுங்கள்.

இப்போது என் வலது காலில் நரம்பு புடைத்து, முடி நரைத்துவிட்டது. இடது கால் சூம்பி, வழவழப்பாக, இன்னும் சின்னப் பையனின் காலாகவே இருக்கிறது. குளிக்கும்போது அதற்கு மட்டும் வெந்நீரை மெதுவாக ஊற்றுவேன். விஷயத்தை அதற்கு இன்னும் யாரும் சொல்லவில்லையோ என்று சில நாள் தோன்றும்.

நானும் சொல்வதில்லை.