ட்வைலா ஹாவ்கனின் நாற்பத்தொரு விதிகள்

அமெரிக்காவில், டுலூத் நகரத்தில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் ட்வைலா ஹாவ்கனைப் பார்த்தால், ஓர் உயிரினத்தையே சொந்தமாக வைத்திருப்பவள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். பதினேழு வயதில் வேதியியல் நோட்டின் ஓரத்தில் ஒன்றை வரைந்தாள்: நரி உடம்பு, முதுகில் பாசி, வால் நுனியில் விளக்கு. நோர்லாப் என்று பெயர் வைத்து இணையத்தில் போட்டாள். இன்று நாலாயிரம் பேரிடம் நோர்லாப் இருக்கிறது. அதாவது, அவளிடம் அனுமதி வாங்கி ஆளுக்கொன்று வரைந்து, பதிவேட்டில் எண்ணும் வாங்கியிருக்கிறார்கள். அனுமதியில்லாமல் வரைந்தால் ஆயுள் தடை. காது மூன்று மடிப்பைத் தாண்டக் கூடாது. இப்படி நாற்பத்தொரு விதிகள், எல்லாம் அவளே எழுதியவை.

விதிகளைக் காக்க மூவர் குழு: ட்வைலா, அதே மருத்துவமனையில் வேலை பார்க்கும் நான், ஃபார்கோ நகரத்தில் லாரிகளுக்கு வழி சொல்லும் வேலை பார்க்கும் மேரிபெத்.

போன குளிர்காலத்தில் ட்வைலாவுக்கு அலுத்துவிட்டது. தினமும் பிறர் வரைந்த காதுகளின் மடிப்பை எண்ணுகிறவள், தான் வரைந்து ஒரு வருடமாகியிருந்தது. பல் காட்ட வந்த ஒரு வழக்கறிஞரிடம், நோர்லாப் சட்டப்படி தனக்குத்தான் சொந்தமா என்று கேட்டாள்.

"நீ வரைஞ்ச படம் உன்னோடதும்மா. அந்த மாதிரி ஒரு பிராணிங்கிற யோசனை யாருக்கும் சொந்தமில்ல" என்றார் அவர், வாயில் பஞ்சோடு.

"அப்புறம் என்ன? எல்லாருக்கும் சொல்லிட்டு வெளிய வந்துடு" என்றேன் நான்.

"சொல்லவா? மேரிபெத் புருஷன் செத்த வருஷம் வாங்கினது நாப்பதாம் நம்பர் நோர்லாப். ஒலகத்துலயே இது ஒண்ணுதான்னு நான்தான்டி கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். இப்ப போயி, யாரு வேணா வரையலாம் அக்கான்னு சொல்லவா?"

சட்டப்படி அவளிடம் இல்லாத ஒன்றை அவளால் விட்டுத்தர முடியவில்லை. அதனால் வேறொரு பெயரில் ரகசியமாகக் கணக்குத் தொடங்கி, பேரில்லாத ஒரு பிராணியை வரைந்தாள். பாசி கிடையாது, இறக்கை உண்டு, காதில் ஆறு மடிப்பு. என்னிடம் மட்டும் காட்டினாள். ஒன்பது நாள் மதிய சூப்பைக் குடித்துக்கொண்டே முணுமுணுவென்று பாடினாள்.

பத்தாம் நாள் மேரிபெத் அந்தக் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டாள்; அது யாருடையது என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. குழு காணொளியில் கூடியது.

"இந்தத் திருட்டுக் கழுதையைப் பாருங்கடி! பாசிய வழிச்சு எறிஞ்சிட்டா நமக்குத் தெரியாதாம். கண்ணப் பாரு, பாதத்தப் பாரு, அச்சு அசல் நம்ம ட்வைலா கோடு. ஏய் ட்வைலா, உனக்குக் கோவமே வரலியா?"

"வருது அக்கா."

"ஒழுங்கா ஒரு காது வரையத் தெரியல, இதுல திருட்டு வேற!"

"காது நல்லாத்தான் இருக்கு" என்றாள் ட்வைலா சட்டென்று.

"ஆறு மடிப்புடி!"

மேரிபெத் தடை என்றாள். நான் எந்தப் பக்கமும் வாக்கு இல்லை என்றேன். கோழைக்கும் விதியில் இடமுண்டு. தடையை மறுத்து வாக்களிப்பவர் காரணத்தை நாலாயிரம் பேர் முன்னால் எழுதவேண்டும். அதுவும் ட்வைலா போட்டதுதான், நியாயமாக இருக்கட்டும் என்று.

திரையில் மேரிபெத்தின் பின்னால், கண்ணாடிச் சட்டம் போட்ட நாற்பதாம் நம்பர் நோர்லாப் படம் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. ட்வைலா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தடை" என்றாள்.

அறிவிப்பையும் அவளே எழுதினாள். எங்களில் யாருக்கும் அவ்வளவு கறாராக எழுத வராது. படங்களை ஒரு வாரத்துக்குள் நீக்கவேண்டும் என்று அதில் இருந்தது. பத்து நிமிடத்தில் எல்லாம் போய்விட்டன. இத்தனை சீக்கிரம் அடங்கிய திருடியைத் தான் பார்த்ததே இல்லை என்று மேரிபெத் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.