கொட்டாவி அக்காவின் ஆர்க்கிட்

சலவைக்கூடத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் கொட்டாவி அக்கா. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரிப் போர்வைகளை மடிக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து நடுவில் சேர வேண்டும். வந்து சேர்வதற்குள் அக்கா ஒரு கொட்டாவி விடுவாள். கொட்டாவிதான் ஒட்டிக்கொள்ளுமே, எதிரே வருகிறவளும் விடுவாள். மதியத்துக்குள் கூடம் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ராத்திரியெல்லாம் போனில் என்னத்தைப் பார்க்கிறாளோ என்று மேற்பார்வையாளர் ஜாடை பேசுவார். அக்கா சிரித்து மழுப்பிவிடுவாள். ஒரு செடியால் தூக்கம் போனது என்றால் யார் நம்புவார்கள்? அதைச் சொல்லப் போனால் தங்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கு அவளிடம் தெம்பு இல்லை.

செடி தங்கையுடையது. ஆர்க்கிட். மண் கிடையாது, தொட்டி நிறைய மரப்பட்டைத் துண்டுகள்தான். தங்கை வீட்டு ஜன்னலில் அது வருஷம் தவறாமல் பூக்கும். உள்ளங்கை அகலத்துக்கு ஊதாப் பூ. அந்த நாளில் தங்கை போன் செய்து அக்காவைக் கூப்பிடுவாள், அக்கா வேலை இருக்கிறது என்பாள். ஒரு வருஷம்கூடப் போய்ப் பார்த்ததில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி தங்கை கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அக்கா, அந்தச் செடியை நீ எடுத்துக்கோ. ஒரு தடவையாவது அது பூக்கறதைப் பாரு."

தங்கை போன பிறகு அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இலை வந்தது, வேர் வந்தது, பூ மட்டும் வரவே இல்லை. அவளுக்கு அது செடி பூக்காத துக்கமாகத் தெரியவில்லை. தங்கை சொன்ன ஒரு சொல்லையும் தன்னால் காப்பாற்ற முடியவில்லை என்றே நெஞ்சில் குத்தியது.

வீடு என்று பெயர், இருப்பது ஒரே அறை. ஒரே ஜன்னல், அதுவும் கிழக்கே பார்த்தது. ஆர்க்கிட்டுக்கு அதைவிடத் தோதான ஜன்னல் கிடையாது. ஆனால் ஜன்னலை ஒட்டித்தான் கட்டில், கட்டிலில் பகல் முழுக்கப் புருஷன் தூங்க வேண்டும். அவருக்கு ரொட்டி ஆலையில் மாவு பிசையும் இயந்திரத்தில் வேலை, நிரந்தர இரவு ஷிப்ட். ஒரு தடவை தூக்கக் கலக்கத்தில் கையை உள்ளே விட்டு, வலது கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. விரல்கள் தப்பின, ஆனால் இன்றைக்கும் சரியாக மடங்காது. அன்றைக்கே அக்கா பழைய கம்பளி இரண்டை ஒன்றாகத் தைத்து ஜன்னலை மூடிவிட்டாள். பட்டப்பகலிலும் அறை கும்மிருட்டு. மிச்சமிருக்கிற விரல்களுக்காக அந்தத் திரையை அவள் யாருக்கும் விலக்க மாட்டாள், தங்கையின் செடிக்காகக்கூட.

அப்புறம் எப்படிச் செடி வளர்ந்தது என்றால், அது அவளுடைய கணக்கு. செடிக்கடைக்காரர் ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லியிருந்தார். பகலில் நல்ல வெளிச்சம், ஆனால் சுட்டெரிக்கும் வெயில் கூடாது. ராத்திரியில் நல்ல இருட்டு. இரண்டில் ஒன்று குறைந்தாலும் இந்த ஜாதி பூக்காது. அக்கா யோசித்தாள். எங்கள் வீட்டில் பகல்தானே ராத்திரி? அப்படியானால் ராத்திரியைப் பகலாக்கிவிட்டால் போயிற்று. செடிகளுக்கென்றே விற்கும் வெள்ளை விளக்கு ஒன்றை வாங்கி வந்து அலமாரியில் மாட்டினாள். புருஷன் வேலைக்குக் கிளம்பியதும் போடுவாள், அவர் திரும்பி வருமுன் அணைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவாள். செடியும் இரவு ஷிப்டுக்கு மாறிவிட்டது என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அவரிடம் மட்டும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் மனுஷர் தாங்க மாட்டார், உடனே திரையைக் கழற்றிவிடுவார்.

அந்த விளக்கு நேராக அவள் முகத்தில்தான் விழும். கண்ணில் துண்டைக் கட்டிப் பார்த்தாள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துப் பார்த்தாள். தூக்கம் வருவதும் போவதுமாக இருக்கும். விடிந்ததும் எழுந்து ஓடுவாள், போர்வை மடிக்க.

இந்த வருஷம் புது இலையின் ஓரம் செம்பட்டை ஏறியது. ஒரு இலையின் படத்தைப் போனில் கொண்டுபோய்க் கடைக்காரரிடம் காட்டினாள். அதிக வெளிச்சம் பட்டால்தான் அப்படிச் சிவக்கும் என்றார். அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கம்பளி போட்டு மூடிய அறையில் அதிக வெளிச்சமாம். இந்த ஆளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். வழியிலேயே மனசு விட்டுப்போயிற்று. அடுத்த விடுமுறை நாளில் செடியை அந்தக் கடையிலேயே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள். பூக்க வைக்கத் தெரிந்தவர்கள் பூக்க வைக்கட்டும். என்னால் ஆகவில்லை, என்னை மன்னித்துக்கொள் என்று தங்கையிடம் மனசுக்குள் சொல்லியும் விட்டாள்.

அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல். நின்றபடியே போர்வைக் குவியலில் சாய்ந்தவளை, வீட்டுக்குப் போ என்று முற்பகலிலேயே அனுப்பிவிட்டார்கள். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியேறி வந்தவள், தங்கள் மாடிக்குச் சற்றுக் கீழே, படி திரும்புகிற இடத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

அங்கே ஒரு பெரிய ஜன்னல் உண்டு. அதன் விளிம்பில், இளவெயிலில், தங்கையின் செடி. கீழே படியில் கைலியும் பனியனுமாக அவள் புருஷன், சுவரில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். தொட்டியைச் சுற்றி ஒரு கயிறு கட்டியிருந்தது. அதன் மறுமுனை அவருடைய கால் கட்டைவிரலில் இருந்தது.

எழுப்பியபோது திருடன் அகப்பட்ட மாதிரி விழித்தார். அப்புறம் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னார். செடி வந்த நாள் முதல் இதுதானாம். அவள் வேலைக்குப் போனதும் இங்கே கொண்டுவந்து வைப்பார், அவள் வருமுன் உள்ளே எடுத்துப் போவார். மேல்வீட்டுப் பூனை ஒரு தடவை தொட்டியைத் தள்ளிவிடப் பார்த்ததாம், அதிலிருந்து கூடவே காவல். கயிறு, பூனை வந்தால் விழித்துக்கொள்ள.

அக்காவுக்கு ஆத்திரம் பொங்கியது. "கை போனா என்ன பண்ணுவீங்க? நீங்க தூங்கத்தானே அந்த ரூமையே இருட்டாக்கி வெச்சிருக்கேன்?"

அவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். "என் தூக்கத்துக்காக உன் தங்கச்சி செடி இருட்டுல கிடந்து சாகணுமா? மனசு கேக்கல."

அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கணக்கு விளங்கியது. பகலெல்லாம் இவர் வெளிச்சம் காட்டியிருக்கிறார். ராத்திரியெல்லாம் அவள் காட்டியிருக்கிறாள். இரண்டு வருஷமாக அந்தச் செடி ஒரு ராத்திரியைக்கூடப் பார்த்ததில்லை. கடைக்காரர் சொன்னது அத்தனையும் சரி. விளக்கு விஷயத்தைப் புருஷனிடம் சொன்னாள். சொல்லச் சொல்லச் சிரிப்பு வந்தது, பாதியில் அது அழுகையாகிவிட்டது. காய்ச்சலோடு படியில் உட்கார்ந்து அழுதாள். அவர் மடங்காத விரல்களால் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து ஒரு படியில் உட்கார்ந்தே வெகு காலம் ஆகியிருந்தது.

செடியைக் கடைக்குக் கொடுக்கவில்லை. கீழ்வீட்டுத் தையற்காரியின் கிழக்கு ஜன்னலில் பகலில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டார்கள். அவளும் ஊசிப்பெட்டிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கித் தந்தாள். காலையில் வேலைக்குப் போகும்போது அக்கா அங்கே விட்டுவிட்டுப் போவாள், மாலையில் வரும்போது வீட்டுக்குத் தூக்கி வருவாள். புருஷன் கட்டிலில் தூங்கினார். ராத்திரியில் அக்கா விளக்கில்லாமல் படுத்தாள். முதல் சில நாள் இருட்டு பழகவில்லை, அப்புறம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். சலவைக்கூடத்தில் பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை. பெயர் வைத்தவர்கள் இப்போது தாங்களாகவே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

குளிர் தொடங்கியபோது இலைக்கு அடியிலிருந்து பச்சை உறை ஒன்று எட்டிப் பார்த்தது. உள்ளே மொட்டு. அக்கா யாரிடமும் சொல்லாமல், கண் பட்டுவிடுமோ என்று பயந்து பயந்து பார்த்து வந்தாள்.

ஒரு நாள் கண் விழித்தபோது அறையெல்லாம் வெயில். திரை விலகியிருந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பதறி எழுந்தவள் ஜன்னலைப் பார்த்தாள். விளிம்பில் தங்கையின் செடி. உள்ளங்கை அகலத்துக்கு ஊதாப் பூ, முழுசாக விரிந்திருந்தது. தங்கை சொன்னதற்குக் கொஞ்சமும் குறைவில்லை. வேலை இருக்கிறது என்று சொன்ன ஒவ்வொரு வருஷமும் நினைவுக்கு வந்தது. அவள் வாய்விட்டு அழுதாள், தங்கையின் சாவில் அழ முடியாமல் போன அழுகை.

புருஷன் மாவுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். வந்து வெகு நேரமாகியிருக்க வேண்டும்.

"வந்ததுமே பார்த்திருப்பீங்களே. என்னை எழுப்பக் கூடாதா?"

"எழுப்பலாம்னுதான் வந்தேன்," என்றார். "நான் கிளம்பறப்போ நீ முழிச்சிருப்பே, வர்றப்போ எழுந்திருப்பே. நீ தூங்கி நான் பார்த்து எத்தனை வருஷமாச்சு. அதான் பார்த்துட்டு இருந்தேன்."