வேட்டுன்னு கத்துனாங்களா?

பாலைவனத்தில் மண்ணுக்கடியில் அணுகுண்டை வெடித்துப் பார்த்துவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்ன அன்று, எங்கள் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி வந்துச்சாமா?"

சிரித்துவிடாதீர்கள். ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே இருக்கிற எங்கள் ஊர் டீக்கடையில் அன்றைக்குப் பாதிப் பேர் அதைத்தான் கேட்டார்களாம். எழுபதுகளின் நடுவில் ஒரு வைகாசி அது. கிணறுகளெல்லாம் வறண்டு, தோட்டத்துக்குத் தோட்டம் பாறையில் குழி போட்டு, வெடிமருந்து வைத்து உடைத்து, ஆழம் போய்க்கொண்டிருந்தோம். பூமிக்குள் மருந்து வைக்கிறவன் தண்ணீருக்கு வைக்காமல் வேறு எதற்கு வைப்பான்? ஆனாலும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நடுநிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறவளின் புருஷன் கேட்கிற கேள்வியா இது?

"தண்ணிக்கு இல்லீங்க, சண்டைக்கு."

"சண்டைக்குன்னா, ஆளே இல்லாத எடத்துல எதுக்குப் போட்டாங்களாமா?"

"அது சோதிச்சுப் பாக்கறதுக்கு. ஆளுக மேல வேற நாட்டுக்காரன் எப்பவோ போட்டுட்டானுங்க."

எட்டாம் வகுப்புப் பாடத்தில் இருந்த ஜப்பான்காரர்களின் இரண்டு ஊர்களைப் பற்றிச் சொன்னேன். பட்டாளத்துக்காரர்கள் மட்டுமில்லை, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள், அடுப்பில் உலை வைத்த பொம்பளைகள், எல்லாரும் போய்விட்டார்கள் என்றேன். அவர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை, வாய்க்கும் கொண்டுபோகவில்லை.

"வேட்டுன்னு கத்துனாங்களா?"

எங்கள் பக்கத்தில் கிணற்றுக்கு வேட்டு வைப்பதென்றால் அதற்கு ஒரு முறை உண்டு. குழியில் தோட்டாவை வைத்ததும் மேலே நிற்கிறவர், "வேட்டேய்... வேட்டு!" என்று நாலு பக்கமும் பார்த்துக் கத்துவார். மாடு கன்றை அவிழ்த்து ஓட்டுவார்கள். பக்கத்துத் தோட்டத்தில் பகையாளி இருந்தாலும் ஆள் போய்ச் சொல்லும். ரோட்டில் சிவப்புத் துண்டை ஆட்டி பஸ்ஸைக்கூட நிறுத்துவார்கள். எல்லாரும் தள்ளிப் போன பிறகுதான் திரியில் நெருப்பு. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுக் கோழிக்குக்கூட இந்த மரியாதை உண்டு.

"தெரியலீங்க. பாடத்துல இல்ல," என்றேன்.

"கத்தாம எப்படிப் புள்ள வேட்டு வெப்பாங்க?"

"பேசாம சோத்தத் தின்னுங்க!"

அவர் தின்றுவிட்டார். எனக்குத்தான் அந்தக் கேள்வி தொண்டையில் நின்றுகொண்டது. வருஷா வருஷம் அந்தப் பாடம் வரும்போது, கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் அது வந்துவிடும். கத்தியிருந்தால் மட்டும் சரியாகிவிடுமா? ஒரு ஊரே எங்கே ஓடும்? கத்திவிட்டுப் போட்டிருந்தால் அது தர்மமா? ஒரு வருஷம் ஆமாம் என்று தோன்றும், அடுத்த வருஷம் சே என்று தோன்றும். பிள்ளைகளிடம் எதையும் சொல்லாமல் பாடத்தை முடித்துவிடுவேன்.

எண்பதுகளில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்கு எங்கள் ஊருக்குக் கொஞ்ச தூரத்தில் முகாம் போட்டார்கள். அங்கிருந்து ஒருத்தி, முப்பது வயதிருக்கும், விதைக்கடலைக்காய் தொலிக்க எங்கள் தோட்டத்துக்கு வருவாள். கிணற்றை ஒட்டி ஓடு போட்ட கொட்டகை, நாங்கள் சாளை என்போம், அதில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து மற்ற பெண்களோடு வேலை செய்வாள். பேச்சு அதிகமில்லை. என்னை "ரீச்சர்" என்பாள். புருஷனும் தம்பியும் அங்கேயே செத்துப்போனார்கள் என்பது மட்டும் தெரியும். எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வருஷம் மறுபடியும் கிணறு வறண்டது. ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கு விடுமுறை, தோட்டத்தில் வேட்டு. முதல் கத்தல் கேட்டதும் பெண்களெல்லாம் மடியை உதறிக்கொண்டு நான் நின்ற புளியமரத்துப் பக்கம் ஓடி வந்தார்கள். வீட்டுக்காரர் துண்டோடு ரோட்டுக்குப் போய்விட்டார். வேட்டுக்காரர் திரியைப் பற்றவைத்துவிட்டு மேலே ஏறி வந்து, இரண்டாவது முறை கத்தினார். அப்போதுதான் ஒரு பெண் கேட்டாள், "ஏனுங்க டீச்சர், அந்த சிலோன்காரப் புள்ள எங்க?"

சாளைக் கதவு உள்ளே சாத்தியிருந்தது.

எல்லாரும் கத்தினோம். "வெளிய வா! ஏ புள்ள, வெளிய வா!" ரோட்டிலிருந்து வீட்டுக்காரரும், "வெளிய வரச் சொல்லுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். நாங்கள் கத்தக் கத்த அந்தக் கதவு அசையவே இல்லை. என்ன திமிர் இவளுக்கு என்றுதான் முதலில் எனக்கு வந்தது. அப்புறம் என்ன வந்ததென்று தெரியாது, ஓடிவிட்டேன். பின்னால் வேட்டுக்காரர், "திரி பத்தியாச்சுங்க, போவாதீங்க!" என்று அலறியது கேட்டது.

கதவைத் தோளால் இடித்துத் தள்ளினேன். மூட்டைகளுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தாள். கையைப் பிடித்து இழுத்தேன். அவளோ என்னைக் கீழே இழுத்தாள். எலும்பும் தோலுமாக இருந்தவளுக்கு எங்கேயிருந்து அந்தப் பலம் வந்ததோ, என்னைத் தரையோடு அமுக்கி, மேலே படுத்து, என் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். கடலைத் தொலி வாசம் அடித்த கை.

"சத்தம் போடாதேங்கோ ரீச்சர்," என்று காதுக்குள் சொன்னாள். "ஆக்கள் இல்லையெண்டு நினைச்சுப் போயிடுவாங்கள்."

வெளியே வீட்டுக்காரர் குரல் கேட்டது. "ஏம்புள்ள! வெளிய வாடி!" நன்றாகக் கேட்டது. நான் மூச்சுகூட விடவில்லை.

தரை தூக்கிப் போட்டது. ஓடுகள் நொறுங்கி மேலே கொட்டின. கல் மழை நின்ற பிறகு பார்த்தால், எங்களுக்கு ஒன்றுமில்லை, மூட்டைகள்தான் கிழிந்திருந்தன. வாசற்படியில் ஆட்டுக்கல் அளவுக்கு ஒரு பாறை கிடந்தது. நான் இழுத்த இழுப்புக்கு அவள் வந்திருந்தால், அந்த நேரத்துக்கு நாங்கள் அந்த வாசலில்தான் இருந்திருப்போம். அவள் செய்தது தப்பா, நான் செய்தது தப்பா, இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

மேலெல்லாம் ஓட்டுத்தூளோடு எழுந்து உட்கார்ந்தவள் சொன்னாள். "எங்கட ஊரிலயும் ஆமிக்காரர் இப்பிடித்தான் கூப்பிட்டவங்கள், ரீச்சர். வெளியில வாங்கோ, ஒண்டும் செய்யமாட்டம் எண்டு. கூப்பிட்டதுக்குப் போன ஆக்கள் ஒருத்தரும் திரும்பி வரேல்ல. நான் மட்டும் கட்டிலுக்குக் கீழ கிடந்தனான்."

நானும் வீட்டுக்காரரும் அவளை முகாமில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். கிணற்றில் தண்ணீர் வந்ததா என்றுகூட அவர் போய்ப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, என் தலையில் இருந்த ஓட்டுத்தூளை அவரே துண்டால் தட்டிவிட்டார்.

"அத்தன கத்துக் கத்துனேனே, காதுல உழுகலையா புள்ள?"

"உழுந்துச்சுங்க."

"அப்புறம் ஏன் ஒரு சத்தம் குடுக்கல?"

"கொரலு உங்களுதுதானுங்க. கூப்புடறது நீங்கதானான்னுதான் தெரியலீங்க."