சூளையில் வெந்த பொத்தான்

போன மாதம் விளக்குத் தலையன் திரும்பி வந்தான். அது நாங்களாக வைத்துக்கொண்ட பெயர். டிவியில் மாட்டி விளையாடுகிற மஞ்சள் கேசட்டில் முப்பத்தேழாவதாக இருந்த விளையாட்டு அது. உண்மைப் பெயர் எங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் இருந்தது. தலையில் விளக்கு கட்டிய ஒரு குட்டி மனிதன் பாழுங்கிணற்றுக்குள் இறங்குவான். பள்ளம் வந்தால் தாவுவான், பாறை உருண்டால் தாவுவான், எதுவும் வராவிட்டாலும் சும்மா இருக்க மாட்டாமல் தாவுவான். ஏழு கட்டம், கடைசியில் ஒரு கதவு, அவ்வளவுதான். அதையே இப்போது புதிதாக வரைந்து, புதிதாக இசை போட்டு, போனில் விளையாடுகிற மாதிரி வெளியிட்டிருக்கிறார்கள். மறுநாள் காலேஜில் இன்டர்னல் தேர்வு. இருந்தும் வந்த அன்றே இறக்கிவிட்டேன்.

பழசு மாதிரி வருமா என்று பெருமூச்சு விடுகிற கட்சி இல்லை நான். எனக்குப் பிடித்திருந்தது. ஈரச் சுவரில் விளக்கு வெளிச்சம் நடுங்குவது பிடித்தது. விளக்குத் தலையனுக்கு மீசை இருக்கிறது என்பதே இப்போதுதான் தெரிந்தது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, ஐந்தாம் கட்டத்தில் பிசாசு என்று நினைத்து நாங்கள் அலறிக்கொண்டு தாண்டிப்போன உருவம் பிசாசே இல்லை. வாளியோடு நிற்கிற ஒரு அம்மா. பக்கத்தில் போனால் தண்ணீர் கொடுக்கிறாள், ஒரு உயிர் கூடுகிறது. சின்ன வயதில் எத்தனை உயிர்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓடியிருக்கிறோம்!

பழைய விளையாட்டுப் பைத்தியங்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு உண்டு. அங்கே ஒருத்தர் இசையைக் கேட்டு அழுதேன் என்றார். இன்னொருத்தர், எட்டு நிறத்தில் இருந்தபோது மீதி நிறத்தை நாமே நிரப்பிக்கொண்டோம், இப்போது அவர்களே நிரப்பிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டார். நான் எல்லாவற்றையும் பாராட்டி நீளமாக ஒரு பதிவு எழுதி, கடைசியில் ஒரே ஒரு குறையைச் சொன்னேன். தாவுதலைக் கெடுத்துவிட்டார்கள். பழையதில் பொத்தானை அழுத்தியதும் விளக்குத் தலையன் ஒரு கணம் யோசிப்பான், அப்புறம்தான் எழும்புவான். அந்த யோசனைதான் அவனுடைய குணமே. புதியதில் அழுத்தியவுடன் பட்டென்று குதிக்கிறான், அவசரக்குடுக்கை மாதிரி.

ஒருத்தர்கூட ஒத்துக்கொள்ளவில்லை. பழையதிலும் உடனேதான் குதிப்பான் என்றார்கள். மூன்று நாள் சண்டை போட்டேன். நான்காம் நாள் ஒரு புண்ணியவான் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொத்தான் அழுந்துவதும் தெரிகிற மாதிரி வீடியோவே போட்டுவிட்டார். இரண்டும் ஒரே நேரத்தில் குதித்தன. யோசிக்கவே இல்லை. நான் போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தேன். ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டிலில் படித்துக்கொண்டிருந்தவள் பயந்துபோய் என்னவென்று கேட்டாள். பீங்கான் என்றேன்.

பழைய விளக்குத் தலையன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தேன். அம்மா வீட்டில் மூன்று பெண்கள். பெரியம்மா வேப்பூரில் ஹைவே ஓரமாக ஓட்டல் வைத்திருந்தார். நடுவில் அம்மா. கடைசி சித்தி, கல்யாணம் ஆகாமல் எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு, விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். டிவி கேம் பெரியம்மா மகன் அண்ணனுடையது. அவனுக்குப் பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாஸ் தொடங்கியதும் பெரியம்மா அதை ஒரு மாதத்துக்கு எங்கள் வீட்டுக்கு நாடு கடத்தினார். அண்ணனே பையில் போட்டு எடுத்துவந்து, பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு என்னிடம் மூன்று கட்டளை போட்டான்.

"ஈரக்கையால தொடக் கூடாது. வயரப் புடிச்சு இழுக்கக் கூடாது. முக்கியமா, சித்தி கையில குடுக்கக் கூடாது. அது கையெல்லாம் மண்ணு. ஒரு கீறல் இருந்துச்சு, இனிமே ஒனக்கு வாழ்க்கையில கேமே கெடயாது."

மூன்றாவது கட்டளை அன்று சாயங்காலமே உடைந்தது. சித்தி வேலை முடிந்து வந்ததும் கையைக்கூடக் கழுவாமல் ஜாய்ஸ்டிக்கை வாங்கினார். இருபத்திரண்டு வயது. பெரியம்மா அப்போது பெண்ணாடத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். வயசுக்கு வந்த பெண் சின்னப் பிள்ளையோடு உட்கார்ந்து டிவி கேம் ஆடுகிறாள் என்று தெரிந்தால் பெரியம்மா வீட்டை இரண்டாக்கிவிடுவார். அதனால் நான் ஆடுவதாகவும் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்குவதாகவும் ஏற்பாடு. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் ஜாய்ஸ்டிக் என் கைக்கு வரும், வெண்டைக்காய் அவர் கைக்குப் போகும்.

இரண்டு வாரத்தில் ஆறாம் கட்டம் வரை போனோம். அப்போதுதான் விளக்குத் தலையன் இடதுபக்கம் திரும்ப மறுத்தான். சித்தியின் கைமண் உள்ளே இறங்கி இறுகியிருந்தது. சித்தி பதறவில்லை. கத்தி முனையால் திருகாணிகளைக் கழற்றி, பொத்தான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துவைக்கிற கல்மேல் வரிசையாக அடுக்கினார். கம்பெனியில் அவருக்கு அதுதான் வேலை. அச்சிலிருந்து வந்த பச்சைப் பொம்மையின் ஓரங்களைச் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் நாசூக்காகத் துடைத்து அடுக்குவது. பொத்தான்களையும் காது மூக்கு துடைக்கிற மாதிரித் துடைத்தார். நான் உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றினேன். தாவுகிற சிவப்புப் பொத்தான் ஒரு துள்ளு துள்ளி, ஓட்டை வழியாகச் சாக்கடைக்குப் போய்விட்டது. குச்சி போட்டுக் கிளறினோம். இரண்டு கோலிக்குண்டும் எப்போதோ தொலைந்த எவர்சில்வர் ஸ்பூனும் கிடைத்தன.

தாவ முடியாத விளக்குத் தலையனைப் பார்க்கவே பாவமாக இருந்தது. முதல் பள்ளத்தின் விளிம்பு வரை நடப்பான், விழுவான். மறுபடி நடப்பான், விழுவான். நான் அழுதேன். வாழ்க்கையில் கேமே கிடையாது என்பது எட்டு வயதில் லேசான தண்டனையா?

"ஏய், அழுவாத பாப்பா. ஊருக்கே பொம்ம செஞ்சு அனுப்புறோம், ஒரு பொத்தான் செய்ய முடியாதா?" என்றார் சித்தி.

மறுநாள் ஒரு உருண்டைப் பீங்கான் மண்ணை இலையில் சுற்றிக் கொண்டுவந்தார். மிச்சமிருந்த கறுப்புப் பொத்தானைப் பக்கத்தில் வைத்து, நூல் பிடித்து அளந்து, அச்சு அசலாக அதே அளவில் செய்தார். அடியில் வெளியே வந்துவிடாமல் இருக்க ஒரு சின்ன விளிம்புகூட இருந்தது. காயவைத்து எடுத்துப்போய், சூளைக்குப் போகிற பிள்ளையார் பொம்மைகளின் காலடியில் ஒளித்து வைத்துவிட்டார். பிள்ளையார் பார்த்துக்கொள்வார் என்று நானும் நம்பினேன்.

நான்காம் நாள் சித்தி வேலை முடிந்து வந்தபோது முகமே சரியில்லை. உள்ளங்கையில் பொத்தான் இருந்தது. வெள்ளைவெளேரென்று, அழகாக, ஆனால் குட்டியாக. ஜாய்ஸ்டிக்கில் வைத்தால் தொட்டிக்குள் விழுந்த புளியங்கொட்டை மாதிரி உள்ளே போய்க் கடகடவென்று உருண்டது. நாலு வருஷம் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவருக்கு, வெந்தால் மண் சுருங்கும் என்பது தெரியாமல் இல்லை. ஆனால் அந்தச் சுருக்கத்தைக் கணக்குப் போட்டுப் பெரிதாக அச்சு செய்வது மாஸ்டர் வேலை. சித்தி கைக்கு வருவதெல்லாம் ஏற்கெனவே பெரிதாக வந்துவிடும். தன் கையால் முதல் முறை ஒன்று செய்தபோது அந்த யோசனையே வரவில்லை. மாஸ்டரிடம் கேட்டிருக்கிறார். அவர் சிரித்த சிரிப்பில் கம்பெனியே திரும்பிப் பார்த்ததாம்.

"'ஏம்மா, சூளைக்குப் போற புள்ள எளச்சுதான் வரும்னு தெரியாதா'ன்னு கேக்குறாரு. அவ்ளோ பேரு முன்னால!" என்று சித்தி பொருமினார். அப்புறம் தானே சிரித்துவிட்டார்.

அடுத்த முறை தப்புக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை. நூலிழை நூலிழையாகப் பெரிதாக்கிப் பன்னிரண்டு பொத்தான்கள் செய்தார். நாள் குறைவாக இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை பெண்ணாடத்துக்காரர்கள் சித்தியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு வேப்பூரிலிருந்து பெரியம்மாவும் வருவார், கூடவே கேமை வாங்கிப்போக அண்ணனும் வருவான். சனிக்கிழமை சாயங்காலம்தான் சூளை திறந்தார்கள். சித்தி வேர்க்கடலை மடிக்கிற மாதிரிக் காகிதத்தில் மடித்துக்கொண்டு ஓடிவந்தார். ஒன்பதாவது பொத்தான் கச்சிதமாகப் பொருந்தியது. பொம்மைகளின் உதட்டுக்குப் பூசுகிற சிவப்பை அதற்குப் பூசினார். ரெண்டடி தள்ளி நின்று பார்த்தால் அசல்தான். மற்ற பதினொன்றையும் அம்மா ஊசி நூல் டப்பாவில் போட்டுவைத்தார், எதற்காவது ஆகும் என்று.

அது பிளாஸ்டிக் இல்லையே, பீங்கான். கனம். ஓட்டையின் விளிம்பில் லேசாக உரசிக்கொண்டுதான் இறங்கும். அழுத்திய பிறகு ஒரு கணம் கழித்துத்தான் விளக்குத் தலையன் எழும்பினான். பள்ளம் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அழுத்திப் பழகிக்கொண்டோம். அன்று ராத்திரி சாப்பாட்டைக்கூட மறந்து ஏழாம் கட்டத்தை முடித்தோம். கதவு திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை, மறுபடி முதல் கட்டம். அதற்கும் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பெரியம்மாவும் அண்ணனும் வந்துவிட்டார்கள். அம்மா சித்தியைக் கண்ணாடி முன் உட்காரவைத்துத் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தார். பெரியம்மா பக்கத்திலேயே நின்று, பூ கோணல், புடவை மடிப்பு கோணல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் யாரையும் பார்க்காமல் நேராக டிவிக்குப் போனான். முப்பத்தேழாம் நம்பரைப் போட்டான். நான் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் போய் நின்றுகொண்டேன்.

முதல் பள்ளத்தில் விழுந்தான். மறுபடி ஆடினான், மறுபடி விழுந்தான். அண்ணன் அந்தப் பள்ளத்தில் விழுந்து நான் பார்த்ததே இல்லை. ஜாய்ஸ்டிக்கைத் திருப்பிப் பார்த்தான். சிவப்புப் பொத்தானை நகத்தால் ஒரு தட்டுத் தட்டினான். டிக் என்று டீ கிளாஸில் ஸ்பூன் பட்ட மாதிரிச் சத்தம் வந்தது. நிமிர்ந்து கண்ணாடியில் சித்தியின் முகத்தைப் பார்த்தான். சித்தியும் கண்ணாடியிலேயே அவனைப் பார்த்தார்.

"என்னாடா ஆச்சு? குட்டி ஒடச்சிட்டாளா? அப்பவே சொன்னேன்," என்றார் பெரியம்மா.

"ஒண்ணுல்லம்மா. ஒரு மாசம் ஆடலல்ல, கை மறந்து போச்சு," என்றான் அண்ணன்.

வயரைச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டான். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பத்தாம் வகுப்புப் படிக்கிறான், பொத்தான் மாறியதுகூடத் தெரியவில்லை, எவ்வளவு பெரிய மக்கு என்று நினைத்தேன். சித்தி காதில் போய், "அண்ணன ஏமாத்திட்டோம்!" என்றேன். சித்தி என் கையை அழுத்தினார். ஆனால் என்னைப் பார்க்கவில்லை, பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகிற அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் பெண்ணாடத்துக்காரர்கள் வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள். அந்த ஆவணியிலேயே கல்யாணம். அதற்கப்புறம் கேம் வேப்பூரிலேயே இருந்துவிட்டது, எங்கள் கைக்கு வரவே இல்லை.

வீடியோ பார்த்துச் சிரித்த அதே வாரக் கடைசியில் சித்தியின் சின்ன மகளுக்குப் பெண்ணாடத்தில் காதுகுத்து. பந்தி முடிந்து எல்லாரும் மின்விசிறி தேடி உட்கார்ந்திருந்தபோது நான் போனைச் சித்தியிடம் நீட்டினேன். சித்தி பட்டுப்புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். விளக்குத் தலையனின் மீசையைப் பார்த்து, "அய்ய, இவன் எங்க வூட்டுக்காரரு மாதிரியே இருக்குறான்," என்றார். முதல் பள்ளத்தை நெருங்கினார். விளிம்புக்கு ரெண்டடி முன்னாலேயே கட்டைவிரல் அழுந்தியது. விளக்குத் தலையன் யோசிக்காமல் குதித்து, பள்ளத்தின் நடுவில் போய் விழுந்தான். நானும் அப்படியேதான் இத்தனை நாளாக விழுந்துகொண்டிருக்கிறேன் என்றேன். இந்த உலகத்தில் இந்தக் காரணத்துக்காக இந்தப் பள்ளத்தில் விழுகிறவர்கள் நாம் இரண்டு பேர்தான் சித்தி என்றேன். அவர் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தார்.

சத்தம் கேட்டு அண்ணன் வந்தான். இப்போது பெரியம்மாவின் ஓட்டலை அவன்தான் பார்த்துக்கொள்கிறான், லேசாகத் தொப்பை வைத்துவிட்டது.

"அட, நம்ம விளக்குத் தலையன்! குடு இப்பிடி. ரெண்டு பேருக்கும் அப்பவே ஆடத் தெரியாது," என்று போனைப் பிடுங்கினான்.

எவ்வளவு வேகமாக நடக்கவைத்தான்! உருளும் பாறைக்கு ஒதுங்கவைத்தான், ஒளிந்திருந்த காசை எடுத்தான். பள்ளம் வந்தது. விளிம்புக்கு ரெண்டடி முன்னாலேயே அவன் கட்டைவிரல் அழுந்தியது. விளக்குத் தலையன் குதித்தான், நடுப்பள்ளத்தில் விழுந்தான். மறுபடி ஆடினான். மறுபடி அதே இடத்தில், அதே ரெண்டடி முன்னால்.

நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி சிரிப்பதை நிறுத்தியிருந்தார். அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தான்.

"கை மறந்து போச்சு," என்றான்.