கூடைக்குள் விழாத இரண்டு பந்துகள்

போன வருடம் ஐப்பசி மழை பிடிக்குமுன் ஒரு சனிக்கிழமை. மாத்தளை பஸ் நிலையத்தில் எல்கடுவ பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன். மடியில் ஒரு ஃபைல். அதற்குள் எங்கள் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியின் வரலாறு, இன்னும் அச்சுக்குப் போகாத பக்கங்களாக இருந்தது. மனதில் ஒரே எண்ணம்தான். இன்றைக்கு அந்த அக்காவின் வாயிலிருந்து உண்மையை வரவழைக்காமல் திரும்பக் கூடாது.

யார் பெயரையும் எழுதப்போவதில்லை. அணியில் அவர் ஏழாம் நம்பர் ஜேர்சி போட்டவர். நாங்கள் எல்லோரும் 'ஏழாம் நம்பர் அக்கா' என்றே கூப்பிடுவோம்.

பழைய வீராங்கனைகள் எல்லோரும் ஒன்றுகூடப் போகிறோம், அதற்கு அணியின் வரலாற்றைச் சிறு புத்தகமாகப் போடுவோம் என்று எங்கள் வட்ஸ்அப் குழுவில் முடிவானது. ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சம் எழுதினார்கள். எங்களுக்கு முந்திய அக்காமார் எழுதியதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆம்பிளைப் பிள்ளைகள் விளையாடி முடித்த பிறகுதான் கோர்ட் கிடைக்கும் என்று சொல்லிவிட்டதால், விடிய முன் எழுந்து பனியில் வழுக்கும் சீமெந்துத் தரையில் பழகியிருக்கிறார்கள். ஆண்கள் அணி கழித்துப் போட்ட ஜேர்சிகளை, முழங்கால் வரை தொங்குவதை, ஊசி நூலால் சுருக்கிப் போட்டிருக்கிறார்கள். முதல் சில வருடங்கள் ஒரு போட்டியில்கூட வெல்லவில்லையாம். அப்படிப்பட்ட அணி முதல் தடவையாக இறுதிப் போட்டிக்கு வந்தது நான் முதலாம் வருடத்தில் இருந்தபோது. அந்தப் போட்டியில்தான் ஒரு புள்ளியால் தோற்றோம்.

முடிய சில விநாடிகள் இருக்கும்போது எதிரணி ஃபவுல் செய்தது. ஏழாம் நம்பர் அக்காவுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. யாரும் குறுக்கே வராமல், தனியாக நின்று நிதானமாக எறியலாம். ஒன்று விழுந்தால் சமம், இரண்டும் விழுந்தால் வெற்றி. பயிற்சியில் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர் அவர். முதல் பந்து ரிங்கில் பட்டு வெளியே தெறித்தது. இரண்டாவது ரிங்கைத் தொடவே இல்லை.

வேண்டுமென்றே விட்டுவிட்டார் என்பதுதான் இருபது வருடமாக எங்கள் அணியில் பேச்சு. எதிரணியின் பயிற்றுவிப்பாளர் மாத்தளைக்காரர். போட்டிக்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால், மாடிப்படிக்குக் கீழே அவர் இந்த அக்காவிடம் ஒரு நீளமான பழுப்பு உறையைக் கொடுத்ததை ஒருத்தி பார்த்திருக்கிறாள். அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதை ஜேர்சிக்குள் செருகிக்கொண்டார். எதிரணியின் பல்கலைக்கழகத்தில் வேலை போட்டுத் தருவதாகச் சொல்லி ஆளை மடக்கிவிட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். உறையில் என்ன இருந்தது, காட்டு என்று கேப்டன் நேராகவே கேட்டார். அக்கா காட்ட மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

பயிற்சியில் அவருக்கு யாரும் பந்து கொடுக்காமல் விட்டோம். பேசி வைத்துச் செய்யவில்லை, அப்படியே ஆகிவிட்டது. ஒரு நாள் பின்னேரம் முழுக்க அவர் கையை நீட்டிக்கொண்டு கோர்ட்டில் அங்குமிங்கும் ஓடினார். ஒரு பந்துகூட வரவில்லை. மறுநாள் ஜேர்சியைத் துவைத்து மடித்துக் கேப்டனின் கட்டிலில் வைத்துவிட்டுப் போனவர், அதன் பிறகு கோர்ட் பக்கம் வரவே இல்லை.

இப்போது புத்தகம் வரும்போது அந்த வருடத்தை எப்படி எழுதுவது என்று குழுவில் வாக்குவாதம். நான் மாத்தளை டவுனைச் சேர்ந்தவள், அவரும் மாத்தளைப் பக்கம், இரண்டு பேரும் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம், அதனால் நேரில் போய்க் கேட்டு வா என்று என்னை அனுப்பினார்கள்.

அவர் எல்கடுவப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தொலைபேசியில் பேசியதிலிருந்தே எனக்குள் ஒரு நெருடல். தன் நம்பரை எனக்கு யார் கொடுத்தது என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. நான் யாரென்று சொன்னேன். முதலில் பாடசாலைக்கு வரச் சொன்னார். பிறகு, வேண்டாம், பரீட்சை நடக்கிறது என்றார். அடுத்த வாரம் என்றார். அந்த வாரமும் தள்ளிப்போனது. ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் ஏன் இப்படி இழுத்தடிக்க வேண்டும் என்று குழுவில் எழுதினேன். எல்லோரும் ஆமென்றார்கள்.

கடைசியில் வீட்டுக்கே வரச் சொன்னார். பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே ஏறிப் போகும் ஒற்றையடிப் பாதையில் நடந்தேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய சின்ன வீடு. முற்றத்தில் அவர் கணவர் சாக்கு விரித்து மிளகைக் கிளறிக்கொண்டிருந்தார். அக்கா வாசலுக்கு வந்து "வாங்க" என்றார். அந்தக் காலத்தில் என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவார்.

பிளேன்டீ வந்தது. அவர் தன் ஃபோனைக் கவிழ்த்து எனக்குப் பக்கத்தில் வைத்தார். ரெக்கோட் பண்ணுகிறாரோ என்று நினைத்தேன். கணவர் ஜன்னலுக்குக் கிட்டே வந்து நின்று மிளகைக் கிளறினார். முற்றம் முழுக்க இடமிருக்க இவர் ஏன் இங்கே நிற்கிறார் என்று அதுவும் சந்தேகம்தான். நான் கேள்வி கேட்கத் தொடங்குமுன் அக்கா, எழுதியதை முதலில் காட்டுங்கள் என்றார். கொடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து ஒரு வரி விடாமல் படித்தார். முந்திய அக்காமாரின் கதை வந்த இடத்தில் இலேசாகச் சிரித்தார். எங்கள் வருடம் வந்தது. இறுதிப் போட்டியைப் பற்றி நாங்கள் எழுதியிருந்த ஒரு வரியை மட்டும் சத்தமாக வாசித்தார். 'இத்தோல்வி குறித்துப் பல சந்தேகங்கள் இன்றும் நிலவுகின்றன.'

"சந்தேகம்னு போட்டிருக்கீங்க. யாருக்கு?"

எல்லோருக்கும்தான் என்று சொல்லிவிட்டு, அந்த இரண்டு எறிதல்களிலும் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"மொதப் பந்து கொஞ்சம் பலமாப் போயிருச்சு. அது மனசுல இருந்ததால ரெண்டாவத மெதுவா விட்டுட்டேன். அவ்வளவுதான். வேற ஒன்னும் இல்லங்க."

பாடமாக்கி வைத்த பதில் என்றுதான் எனக்குத் தோன்றியது. இனியும் சுற்றி வளைக்க வேண்டாமென்று உறை விஷயத்தை எடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே மிளகைக் கிளறும் சத்தம் நின்றது. அக்கா என்னையே பார்த்தார்.

"அத யாரு பாத்தது?"

"டீம்ல எல்லாரும் பேசிக்கிட்டாங்க" என்றேன்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். இரும்பு அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. ஓரம் கிழிந்த ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருபது வருடத்துக்குப் பிறகு ஆதாரம் கையில் கிடைத்துவிட்டது!

உள்ளே இருந்தது ஒரு பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி. அக்காவுடையது.

நடந்ததை அவர் சொல்லச் சொல்லக் கேட்டேன். அந்தப் போட்டிக்கு இரண்டு மாதம் முன்பு பஸ்ஸில் யாரோ அவர் கைப்பையைத் திருடிவிட்டார்கள். அடையாள அட்டையும் போய்விட்டது. அது றோட்டுக்கு றோட்டு செக்பொயின்ட் இருந்த காலம். தமிழ்ப் பெண் அட்டையில்லாமல் வெளியே தலைகாட்ட முடியாது. புது அட்டைக்கு விண்ணப்பிக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அம்மா அரசாங்கக் கச்சேரி அலுவலகத்துக்கு அலைந்து பிரதி எடுத்துவிட்டார், ஆனால் அதைக் கொண்டுவந்து கொடுக்க ஆளில்லை. எதிரணியின் பயிற்றுவிப்பாளர், முன்பு அக்கா படித்த பாடசாலையில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். அக்காவுக்குப் பந்தைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். போட்டியில் பிள்ளையைக் காண்பீர்கள்தானே என்று அம்மா அவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

அதை ஏன் ஒளிக்க வேண்டும், கேப்டன் கேட்டபோதே காட்டியிருக்கலாமே என்றேன். அக்கா சான்றிதழில் ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தார். பெற்றோர் விவாகமானவர்களா என்ற கேள்வி. அதற்கு நேரே, சிங்களத்தில், இல்லை என்று எழுதியிருந்தது.

"எங்கப்பாவும் அம்மாவும் தோட்டத்துக் கோயில்ல தாலி கட்டுனவங்க. பதியல, அதுக்கு இப்படிப் போட்டுட்டாங்க. நம்ம டீம்ல எல்லாருக்கும் சிங்களம் வாசிக்கத் தெரியும். ஒருத்தி பாத்தாப் போதும், எங்கம்மாவப் பத்திக் கதை கட்டிருவாங்கன்னு பயம்."

அம்மாவைப் பற்றிக் கதை வரக்கூடாதென்று, தன்னைப் பற்றிய கதையை அவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

அந்தத் தாளை மடித்து உறைக்குள் வைத்தேன். இங்கே நான் இதுவரை உங்களுக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். மாடிப்படிக்குக் கீழே பார்த்த ஒருத்தி என்று எழுதினேனே, அது நான்தான். தோற்றுத் திரும்பும் பஸ்ஸில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்தவளின் காதில் சொன்னது நான். கெம்பஸ் வந்து சேருமுன் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. பிறகு ஆளாளுக்குச் சேர்த்துக் கட்டியதை நான் மறுக்கவில்லை. நாளாக ஆக, எனக்கே அது முழு உண்மையாகிவிட்டது.

"நான்தான் பாத்தேன் அக்கா. பஸ்ஸில சொன்னதும் நான்தான்."

"தெரியும்" என்றார். "தண்ணிப் போத்தலத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் வந்தது நீங்க ஒருத்திதான். நீங்களாச் சொல்றீங்களான்னு பாத்தேன்."

எல்லாம் தெரிந்திருந்தும் அவர் இருபது வருடமாக யாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை. நான் தொலைபேசியில் பேசியதும், இன்னும் எதைத் தோண்ட வருகிறாள் என்று பயந்துதான் நாளைத் தள்ளிப்போட்டிருக்கிறார். கணவரையும் கூப்பிடு தூரத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டில் நான் சந்தேகப்பட்டதெல்லாம் என்மேல் அவருக்கிருந்த சந்தேகம்தான். அவருடைய சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது.

ஏன் சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அணியில் மலையகத் தமிழர் நாங்கள் இரண்டு பேர்தான். அப்பாவுக்கு மாத்தளை டவுனில் கடை இருந்தது. நான் அவரைப்போல லயத்துப் பிள்ளை இல்லை என்று காட்டிக்கொள்வதில் எனக்கு அந்த வயதில் ஒரு கவனம். தோற்றதும், என்னையும் அவரோடு சேர்த்துப் பேசிவிடுவார்களோ என்று பயந்தேன். முந்திக்கொண்டு நான் சொல்லிவிட்டால் நான் வேறு, அவர் வேறு ஆகிவிடும். இதைத்தான் திக்கித் திக்கிச் சொன்னேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. கடைசி பஸ் ஐந்தரைக்கு, இப்போது இறங்கினால்தான் சரி என்றார். சான்றிதழ் விஷயம் புத்தகத்தில் வரக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் குழுவில் எழுதினேன். பார்த்தது நான், சொன்னது நான், தவறு என்னுடையது, உறையில் இருந்தது போட்டிக்குச் சம்பந்தமில்லாத ஒரு குடும்ப விஷயம் என்று. எல்லோரும் படித்தார்கள். ஒருவரும் பதில் எழுதவில்லை. மறுநாள் கேப்டன் பேசினார். அவர் சிங்களவர், இப்போது பெரிய உத்தியோகத்தில் இருக்கிறார். உறையில் என்ன இருந்தது என்பதுதான் அவரும் கேட்ட முதல் கேள்வி. சொல்ல முடியாது, ஆனால் என் கண்ணால் பார்த்தேன், நம்புங்கள் என்றேன். அவர் சிங்களத்தில் சொன்ன பதில் இன்னும் காதில் நிற்கிறது.

"அன்றைக்கும் நீ கண்ணால் பார்த்தேன் என்றுதான் சொன்னாய்."

ஆனாலும் நான் விடவில்லை. அந்த வரியை எடுக்காவிட்டால் நான் சேகரித்த எதையும் அச்சுக்குத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கேப்டன் நான்கு நாள் கழித்துச் சம்மதித்தார். அக்காவைத் தாமே கூப்பிட்டுப் பேசினாரா என்று எனக்குத் தெரியாது. புத்தகத்தில் இப்போது இருப்பது இவ்வளவுதான்: கடைசி இரண்டு எறிதல்களும் விழவில்லை, ஒரு புள்ளியில் தோற்றோம், அன்று நம் அணி எடுத்த புள்ளிகளில் பாதிக்கு மேல் ஏழாம் நம்பர் போட்டவை. குழுவில் இரண்டொருவருக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை என்பது அவர்கள் பேச்சில் தெரிகிறது.

ஒன்றுகூடலுக்கு அக்கா வரவில்லை. புத்தகத்தைத் தபாலில் அனுப்பினேன். 'கிடைச்சது' என்று ஒரு சொல்லில் பதில் வந்தது. இதை எழுதட்டுமா என்று கேட்டு இந்த வருடம் மறுபடி பேசினேன். யோசித்துவிட்டு, பெயர் இல்லாமல் எழுதுங்கள், இப்போது கொடுக்கிற சான்றிதழில் அந்தக் கேள்வியே இல்லையாமே என்றார். அவர் என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

என் சந்தேகம் தப்பென்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. அந்தச் சந்தேகத்தால் அவர் விளையாடாமல் விட்ட வருடங்களை இனி யாராலும் விளையாட முடியாது.